அழுகிய தட்டிலிருந்து 17 துண்டுகள்: ஒரு சீடம் செடியை மீட்ட பதிவு

தட்டின் நடுவிலிருந்த ஒரு தண்டைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் என்று ஒன்றுமே இல்லை. வேர் இருக்கவேண்டிய இடம் கறுத்துப்போய், விரலால் தொட்டதும் தோல் தனியாகக் கழன்று வந்தது. பக்கத்துத் தண்டும் அப்படியே. வெளியிலிருந்து பார்த்தால் பாதிச் செடி இன்னும் பச்சையாகத்தான் தெரிந்தது. அடியில் எப்போதோ முடிந்துபோயிருக்கிறது.

செடியின் பெயர் சீடம் ஆல்பம். ஸ்டோன்கிராப் என்று அழைக்கப்படும், கல்லிடுக்கில் வளரும் சக்குலென்ட் (இலையில் நீரைச் சேமிக்கும் சதைப்பற்றுச் செடி) வகைகளில் ஒன்று. ஐரோப்பா, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா பகுதிகளில் பாறை இடுக்குகளிலும் பழைய மதில்களின் மேலும் தானாக வளர்வது. தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் 1753இலேயே இதற்கு இந்தப் பெயரை வைத்துவிட்டார். இலை ஒவ்வொன்றும் ஒரு பருத்த அரிசி மணி மாதிரி உருண்டையாக இருக்கும். பூத்தண்டு நீங்கலாகப் பத்து சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டுவது அரிது. தரையோடு தரையாகப் படர்ந்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்திலெல்லாம் வேர்விட்டுப் பாய் விரித்ததுபோல் பரவும். உறைபனியையும் மைனஸ் முப்பது டிகிரிக் குளிரையும் தாங்கும் செடி இது. அப்படிப்பட்ட செடி என் கையில் ஆறு மாதத்தில் அழுகியது ஏன், அதை எப்படித் திரும்பக் கொண்டுவந்தேன் என்பதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா கொடுத்த செடி. அதனால் கூடுதல் அக்கறை எடுத்துக்கொண்டேன். அகலமான, ஐந்து சென்டிமீட்டர் ஆழமே உள்ள பிளாஸ்டிக் தட்டு. கொக்கோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் நிறைய சேர்ந்த தயார் மண் கலவை. மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர். முதல் இரண்டு மாதம் தளதளவென்று வளர்ந்தது. அதைப் பார்த்து, செய்வது சரி என்றே நினைத்தேன்.

மூன்றாம் மாதம் சில இலைகள் வெளிறி, கண்ணாடி போல ஒளி ஊடுருவத் தொடங்கின. விரல் பட்டாலே உதிர்ந்தன. அதையும் பொருட்படுத்தவில்லை. அப்புறம் இலைகள் சுருங்க ஆரம்பித்தன. இங்கேதான் பெரிய தவறு நடந்தது. சுருங்கிய இலை என்றால் தாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஊற்றினேன். வேர் அழுகிவிட்ட செடியும் இலையைச் சுருக்கும், ஏனென்றால் மண் முழுக்கத் தண்ணீர் இருந்தும் அதை உறிஞ்ச வேர் இல்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. தாகத்தில் சுருங்கும் இலை கீழேயிருந்து மேலாகச் சுருங்கும், நிறம் மாறாது, தண்டு விறைப்பாகவே நிற்கும். அழுகலில் சுருங்கும் செடியில் தண்டின் அடி கறுத்திருக்கும், செடியைத் தொட்டால் ஆடும். ஆக, இலை சுருங்கினால் தண்ணீர்க் குவளையைத் தொடுவதற்கு முன் தண்டை ஆட்டிப் பார்க்கவேண்டும்.

அக்காவிடம் போனில் சொன்னபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி என்னைக்காவது தட்டைத் தூக்கிப் பாத்தியா?"

பார்த்ததில்லை. அன்று தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றி நான்கு நாள் ஆகியும் ஈரத்துணி மூட்டை மாதிரி கனத்தது.

முதல் நாள் வேலை வெட்டுவதுதான். ஒரு புது பிளேடு, கொஞ்சம் ஸ்பிரிட், பஞ்சு. ஒவ்வொரு தண்டையும் கறுப்பு முடியும் இடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டி, வெட்டுமுகத்தைப் பார்த்தேன். நல்ல தண்டின் உட்புறம் முழுக்க வெளிர்பச்சையாக, ஈரமாகப் பளபளக்கும். நடுவில் ஊசிமுனையளவு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் அழுகல் அங்கே ஏறிவிட்டது என்று பொருள். அப்படித் தெரிந்தபோதெல்லாம் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் பிளேடை ஸ்பிரிட்டில் துடைப்பது சலிப்பான வேலை. ஆனால் அதை விட்டுவிட்டால் ஒரு தண்டின் அழுகலை நாமே அடுத்த தண்டுக்குக் கொண்டுபோகிறோம். சில தண்டுகளில் புள்ளி நுனிவரை போனது, அவற்றை விட்டுவிட்டேன். கடைசியில் நான்கிலிருந்து ஆறு சென்டிமீட்டர் நீளத்தில் 17 துண்டுகள் தேறின.

துண்டுகளின் அடியில் இரண்டு சென்டிமீட்டருக்கு இலைகளை உருவிவிட்டு, செய்தித்தாளில் பரப்பி நிழலில் வைத்தேன். மூன்று நாள். வெட்டிய இடம் காய்ந்து, மெல்லிய தோல் கட்டவேண்டும். பச்சை வெட்டோடு ஈரமண்ணில் நட்டால் பூஞ்சைக்கு வாசலைத் திறந்துவைத்த மாதிரி. மற்ற செடிக் கிளைகளை வெட்டியதும் தண்ணீரில் வைக்கும் பழக்கம் நமக்கு இருப்பதால், வெட்டியதைக் காயப்போட மனம் வருவதில்லை. இந்தச் செடி மூன்று நாள் என்ன, மூன்று வாரம் வெளியே கிடந்தாலும் தன் இலையில் வைத்திருக்கும் நீரில் உயிரோடிருக்கும். தைரியமாகக் காயவிடலாம். உருவிய இலைகளில் வதங்காத 60ஐப் பொறுக்கி, ஒரு மூடியில் சலித்த மணலைப் பரப்பி அதன்மேல் சும்மா போட்டுவைத்தேன். அதைப் பற்றிப் பிறகு.

காய்கிற மூன்று நாளில் மண்ணைப் பார்த்தேன். இந்த விஷயத்தில் எனக்கு இருந்த இரண்டு நம்பிக்கைகளும் அந்த மூன்று நாளில் மாறின.

ஒன்று, அடியில் கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்பது. பழைய தட்டின் அடியிலும் ஒரு அடுக்குக் கூழாங்கல் போட்டிருந்தேன். நுண்ணிய மண்ணிலிருந்து தண்ணீர் கீழே உள்ள பெரிய இடைவெளிக்கு எளிதில் இறங்காது. மண்ணின் நுண்துளைகள் அதை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. மேலே உள்ள மண் முழுக்க நனைந்து தளும்பிய பிறகுதான் ஒரு சொட்டு கல்லுக்குள் இறங்கும். அதாவது கல் அடுக்கு செய்ததெல்லாம், தேங்கும் ஈரத்தை வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏற்றிவிட்டதுதான்.

இரண்டாவது, வேர் மேலோட்டமாகப் போகும் செடிக்கு ஆழமில்லாத தட்டுதான் நல்லது என்பது. இதைச் சோதிக்க ஒரு ஸ்பாஞ்ச் போதும். பாத்திரம் துலக்கும் செவ்வக ஸ்பாஞ்சை நன்றாக நனைத்து, படுக்கைவாக்கில் கையில் பிடியுங்கள். சொட்டுவது நின்ற பிறகு அதை அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் கொட்டும். ஸ்பாஞ்ச் அதேதான், உயரம்தான் கூடியிருக்கிறது. எந்த மண்ணிலும் அடிப்பகுதியில் குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் வடியாமல் நிற்கும். மண் நுண்மையாக இருந்தால் அந்த உயரம் கூடும். ஐந்து சென்டிமீட்டர் தட்டில் கொக்கோபீட்டைப் போட்டால், அந்த நிற்கும் ஈரமே ஏறக்குறைய தட்டு முழுவதும் வந்துவிடும். என் செடியின் வேர் முழுவதும் அதற்குள்தான் ஆறு மாதம் கிடந்தது. ஆழமில்லாத தட்டில் வளர்க்கக்கூடாது என்றில்லை. தட்டின் ஆழம் குறையக் குறைய மண் பருமனாகவேண்டும். கட்டடங்களின் கூரைமேல் மெல்லிய படுகையில் சீடம் வளர்ப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் ஃபோர்டு டிரக் ஆலையின் கூரையில் சுமார் பத்து ஏக்கருக்குச் சீடம் வகைகள் வளர்கின்றன. இப்படிப்பட்ட கூரைகளில் சில சென்டிமீட்டர் கனத்துக்குப் போடப்படுவது பெரும்பாலும் கனிமத் துண்டுகள்தான், தோட்டத்து மண் அல்ல.

என் கலவை இதுதான்: உடைத்துச் சலித்த செங்கல் துண்டுகள் இரண்டு பங்கு, சலித்த பருமணல் ஒரு பங்கு, சாதாரண மண்ணும் நன்கு மட்கிய உரமும் சேர்ந்து ஒரு பங்கு. செங்கல் துண்டு மூன்றிலிருந்து ஆறு மில்லிமீட்டர் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். தூளைச் சலித்து எறிவதுதான் இதில் உயிர். அந்தத் தூள் இருந்தால் இடைவெளிகளை அடைத்து, பழைய கதையே திரும்ப வரும். சலித்ததைக் கழுவி, கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை விடவில்லை. பெர்லைட், பியூமிஸ் போன்ற எடை குறைந்த எரிமலைக் கல் துண்டுகள் கிடைப்பவர்கள் செங்கல்லுக்குப் பதில் அதைச் சேர்க்கலாம். கடல் மணல் மட்டும் வேண்டாம், அதில் உப்பு இருக்கும்.

அடியில் ஓட்டை போட்ட இரண்டு டம்ளர்களில் பழைய கலவையையும் புதியதையும் ஒரே அளவு நிரப்பி, இரண்டும் காய்ந்திருக்க, தலா 200 மில்லி தண்ணீர் ஊற்றினேன். புதியதில் பத்து விநாடிக்குள் ஒழுக்கு நின்று, 130 மில்லி கீழே வந்துவிட்டது. பழையதில் முதலில் தண்ணீர் மேலேயே மிதந்தது, ஓரமாக வழிந்தது, பிறகு சொட்டுச் சொட்டாக வெகுநேரம் ஒழுகியது. முழுக்கக் காய்ந்த கொக்கோபீட் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது, ஏற்றுக்கொண்டால் விடாது. இந்தச் செடிக்கு இரண்டுமே ஆகாது.

நான்காம் நாள் நட்டேன். 15 சென்டிமீட்டர் வாய் உள்ள மண்தொட்டி. மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தேன். பென்சிலால் துளை போட்டு, துண்டுகளை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் இறக்கி, மேலே செங்கல் துண்டுகளையே ஒரு விரல் கனத்துக்குப் பரப்பினேன். தண்டின் கழுத்தைச் சுற்றி ஈரமண் ஒட்டாமல் இருக்க இது உதவும். தண்ணீர் ஊற்றவில்லை. எட்டாம் நாள்தான் முதல் தண்ணீர். பன்னிரண்டாம் நாள் பொறுக்கமுடியாமல் ஒரு துண்டை மெல்ல எடுத்துப் பார்த்தேன். காய்ந்த வெட்டு விளிம்பைச் சுற்றி வெள்ளை நூல் மாதிரி நான்கு வேர்கள், மூன்று மில்லிமீட்டர் இருக்கும். அன்று எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்லிமுடியாது. அப்படியே திரும்ப நட்டுவிட்டேன். 21ஆம் நாள் தொட்டுப் பார்த்ததில் 15 துண்டுகள் இழுவைக்கு அசையவில்லை. இரண்டு போய்விட்டன. அவற்றில் நான் புள்ளியைச் சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கவேண்டும்.

இனி அக்காவின் கேள்விக்கு வருகிறேன். தூக்கிப் பார்ப்பதைக் கொஞ்சம் கறாராகச் செய்யலாம் என்று சமையலறை டிஜிட்டல் தராசை எடுத்தேன். துண்டுகள் வேர்பிடித்த பிறகு தொட்டியை முழுக்க நனைத்து, அரைமணி நேரம் வடியவிட்டு நிறுத்தபோது 2,180 கிராம். அடுத்த நாள் 2,110. மூன்றாம் நாள் 2,055, ஐந்தாம் நாள் 1,960, ஏழாம் நாள் 1,890. பிறகு இறக்கம் மந்தமாகி, பதினோராம் நாள் 1,835, பன்னிரண்டாம் நாள் 1,830. அதற்குமேல் இறங்கவில்லை. ஆக, இந்தத் தொட்டியின் காய்ந்த எடை 1,830. மேல்மண்ணை விரலால் தொட்டால் மூன்றாம் நாளே காய்ந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் மூன்றாம் நாள் உள்ளே இன்னும் 225 கிராம் தண்ணீர் இருந்தது. மூன்று நாளைக்கு ஒருமுறை ஊற்றியவன் எதன்மேல் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பது அந்த எண்ணைப் பார்த்ததும் புரிந்தது.

தராசு வேண்டுமென்றும் இல்லை. பத்து நாள் நிறுத்துப் பார்த்தால் கைக்கே கனம் பழகிவிடும். இப்போது நான் தூக்கிப் பார்த்தே சொல்கிறேன், தராசு சரிபார்க்க மட்டும்தான்.

இதற்குப் பிறகு நேர்மாறான தவறு ஒன்று நடந்தது. அழுகலுக்குப் பயந்து, 1,830ஐத் தொட்ட பிறகும் தண்ணீர் விடாமல் தள்ளிக்கொண்டே போனேன். ஒருமுறை 24 நாள் ஆனது. செடி சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. இலைகள் இறுகி, நுனிகள் செம்பு நிறமாகி, ஒரு மாதமாக ஒரே உயரத்தில் நின்றது.

காரணம் இந்தக் குடும்பத்தின் மூச்சுவிடும் முறையில் இருக்கிறது. சீடம் சேர்ந்த குடும்பம் கிராசுலேசியே. நம் ஊர்களில் கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றும் ரணகள்ளி என்றும் சொல்லும் செடியும் இதே குடும்பம்தான். அந்த ரணகள்ளி இலையை இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன் வெவ்வேறு நேரத்தில் வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையே இல்லை, மாலையில் லேசான கசப்பு. அவர் எழுதியது 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அந்தப் புளிப்பு மாலிக் அமிலம். பகல் வெயிலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்பதால், இந்தச் செடிகள் இரவில் துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாக்கிச் சேமிக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை எடுத்து உணவு தயாரிக்கின்றன.

சீடம் ஆல்பம் இரண்டு வழியும் தெரிந்த செடி. தண்ணீர் தாராளமாக இருக்கும்போது மற்றச் செடிகளைப் போலவே பகலில் வாயுவை வாங்கி வேகமாக வளரும். வறட்சி வந்ததும் இரவு முறைக்கு மாறிக்கொள்ளும். அந்த முறையில் உயிரைக் காப்பாற்றலாம், வளர்ச்சிக்குப் பெரிதாக மிஞ்சாது. நான் 24 நாள் காயப்போட்டது செடியைப் பட்டினியில் உட்காரவைத்த மாதிரி. தாங்கும் செடி என்பதற்காகத் தாங்கவைத்துக்கொண்டே இருக்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

இப்போது செய்வது இது. வளரும் பருவத்தில் எடை காய்ந்த அளவைத் தொட்டதும் ஒரு நாள் விட்டு, அடியில் ஒழுகும்வரை ஊற்றுகிறேன். தெளிப்பானால் இலைமேல் தெளிப்பதில்லை. அது வேருக்குப் போதாது, இலை இடுக்கில் மட்டும் ஈரம் நிற்கும். கடும் வெயில் மாதங்களிலும் கடும் குளிரிலும் செடி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது இடைவெளியை இரட்டிப்பாக்குகிறேன். வெக்கையும் ஈரமும் சேர்ந்து நிற்பதுதான் மோசம். குளிரும் ஈரமும் சேர்ந்தாலும் அப்படித்தான். மைனஸ் டிகிரியில் வாழும் செடி உறைபனியில் சாவதைவிட, குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கிய மண்ணில் சாவதே அதிகம். முறையை மாற்றிய இரண்டு வாரத்தில் ஒவ்வொரு நுனியிலும் வெளிர்பச்சைக் கொத்து கிளம்பியது.

வெயில் பற்றிச் சுருக்கமாக. தினம் ஆறு மணி நேர நேரடி வெயில் இருந்தால் இலைகள் நெருக்கமாக அடுக்கும். சோதனைக்காக ஒரு துண்டை ஜன்னலோரம் வைத்திருந்தேன். அதில் இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விழுந்து தண்டு சாய்ந்தது. வெளியே இருந்ததில் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர். நிழலிலிருந்ததை ஒரே நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுபோகாதீர்கள், இலை வெந்து பழுப்புத் தழும்பு விழும், அது ஆறாது. பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். வெயிலிலும் குளிரிலும் வறட்சியிலும் இலை சிவப்பது நோயல்ல, அந்தோசயனின் நிறமி கூடுவதுதான். எனக்கு அந்தச் சிவப்பு மிகவும் பிடிக்கும். உரம் பெரிதாக வேண்டாம். தழைச்சத்து கூடினால் தண்டு நீண்டு தொங்கிவிடும்.

ஐந்தாம் மாதம் தொட்டியில் எறும்பு வரிசை வந்தது. எறும்பு சும்மா வராது. குனிந்து பார்த்தால் தண்டு இடுக்குகளில் பஞ்சுப் பொட்டு மாதிரி மாவுப்பூச்சி. அவை வெளியேற்றும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றைக் காவல் காக்கும், இடம்விட்டு இடம் தூக்கியும் போகும். இவ்வளவு சிறிய இலைகளில் பஞ்சால் துடைப்பது நடக்காது. நுனி மெலிந்த ஓவியத் தூரிகையை 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்து, ஒவ்வொரு பொட்டாகத் தொட்டேன். வெயில் இறங்கிய பிறகுதான். நான்கு நாளைக்கு ஒருமுறை, மூன்று முறை. முட்டையிலிருந்து புதிதாக வருபவை இருக்கும் என்பதால் ஒருமுறையோடு விடக்கூடாது. எண்ணெய்க் கரைசல் எதையும் நான் அடிக்கவில்லை. இலைமேல் உள்ள மெழுகுப் பூச்சை அது கெடுத்துவிடும், எண்ணெய்ப் பூச்சோடு வெயில் பட்டால் இலை கருகும். பூக்கும் நேரத்தில் தேனீக்கள் வரும் செடி என்பதால் ஊடுருவும் பூச்சிக்கொல்லி மருந்தும் வேண்டாமென்று முடிவு செய்தேன்.

மூடியில் போட்ட இலைகளைச் சொல்ல மறந்துவிடக்கூடாது. 60இல் 22 பிழைத்தன. முதலில் இலையின் அடியில் மயிரிழை போன்ற வேர் வெளியே நீட்டி மணலைத் தேடும். அப்புறம் நான்காம் வாரவாக்கில் அதே இடத்தில் எள்ளளவு ஒரு பச்சைப் புள்ளி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அந்த எள்ளுக்குள் நான்கு இலைகள் அடுக்காக இருக்கும். தாய் இலை நாளுக்கு நாள் மெலிந்து, தன் நீரையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் காகிதம் மாதிரி ஆகும். தானாக உதிரும்வரை அதைப் பிய்க்காதீர்கள். பிழைக்காத 38இல் பெரும்பாலானவை உருவும்போது அடி கிழிந்தவை. இலையை மேலிருந்து கீழாக இழுக்காமல், பக்கவாட்டில் மெல்ல அசைத்து எடுத்தால் அடி முழுதாக வரும்.

எட்டாம் மாதம் பூத்தது. ஐந்து இதழ் வெள்ளை நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, கொத்துக் கொத்தாக. பூத்த தண்டு அதோடு முடிந்துவிடும், அடியோடு வெட்டிவிடலாம். பக்கத்துத் தண்டுகள் அந்த இடைவெளியை ஒரு மாதத்தில் நிரப்பிவிட்டன.

செடி பெருத்ததும் காய்ந்த எடையும் கூடும் என்பதை மறக்கவேண்டாம். இலைகளே தண்ணீர்த் தொட்டிகள் அல்லவா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி நிறுத்து அளவைத் திருத்திக்கொள்கிறேன். இப்போது அது 1,880.

தொட்டியின் விளிம்பைத் தாண்டித் தண்டுகள் வெளியே வழிந்திருக்கின்றன. போன வாரம் அதில் 20 துண்டுகளை வெட்டிக் காயவைத்தேன். பாதி அக்காவுக்கு. அவளிடமிருந்த தாய்ச்செடி போன வருடம் போய்விட்டதாம்.

இன்று காலை நிறுத்தேன், 1,905. இன்னும் 25 கிராம் இறங்கட்டும்.